ஹேட்ச் என்னும் புறப்பாடு

செயற்கை ஈயைக் கட்டி ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் வீசுகிறவர்களின் பேச்சில் ஓயாமல் வரும் சொல் 'ஹேட்ச்'. "இப்போது என்ன ஹேட்ச்?" "மேகம் போட்டிருக்கிறது, மத்தியானம் நல்ல ஹேட்ச் இருக்கும்." "தண்ணீர் கலங்கிவிட்டது, இனி ஹேட்ச் இருந்தும் பயனில்லை." அகராதியைப் புரட்டினால் முட்டை உடைந்து குஞ்சு வெளிவருவது என்று பொருள் போட்டிருக்கும். அதை நம்பித் தமிழில் 'பொரிப்பு' என்று எழுதத்தான் கை போகும். ஆனால் 'ஆற்றில் இன்று நல்ல பொரிப்பு' என்று படிக்கிறவருக்கு மீன் எண்ணெய்ச் சட்டியில் கிடப்பதுபோலத்தான் தோன்றும். அதுகூடச் சின்னச் சிக்கல்தான். அந்த வேளையில் ஆற்றில் எந்த முட்டையும் பொரிவதே இல்லை என்பதுதான் பெரிய சிக்கல்.

மேஃப்ளை என்ற பூச்சியை எடுத்துக்கொள்வோம். அதன் முட்டை ஆற்றடியில் எப்போதோ பொரிந்துவிட்டது. அதிலிருந்து வந்த இளம்பூச்சி, வேளாண் நூல்கள் 'இளங்குஞ்சு' என்று சொல்லும் பருவம், கல்லிடுக்கிலும் வண்டலிலும் செவுளால் மூச்சுவிட்டபடி மாதக்கணக்கில் வளரும். இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலத்து ஓடைகளில் பேர்போன எஃபிமெரா டானிக்கா என்ற இனம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் அப்படிக் கிடக்கும். வளர்ச்சி முடிந்ததும் நீர்மட்டத்துக்கு எழும்பி வரும். முதுகுத் தோல் பிளக்கும். உள்ளிருந்து சிறகோடு ஒரு பூச்சி வெளியேறி, சிறகு விறைக்கும்வரை நீரோட்டத்தோடு மிதந்து போகும். மேலே எழும்பும்போதும், தோலில் சிக்கித் திணறும்போதும், மிதக்கும்போதும் அதனால் தப்பிக்க முடியாது. ட்ரவுட் வரிசை கட்டி நின்று தின்பது அப்போதுதான்.

தப்பியது கரையோர இலைக்குப் பறந்து போய் இன்னொரு முறை தோலுரிக்கும். சிறகு வந்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி வரிசை இன்றைக்கு உலகில் இது ஒன்றுதான். வளர்ந்த பூச்சிக்கு வாய் பயன்படாது. எதையும் தின்னாமல், இணைசேர்ந்து முட்டையிட்டு, பெரும்பாலும் ஓரிரு நாளில் இறந்துவிடும். இந்த வரிசைக்கு எஃபிமெராப்டெரா என்று பெயர் வைத்ததும் அதனால்தான். கிரேக்கத்தில் 'ஒரு நாள்' என்பதும் 'சிறகு' என்பதும் சேர்ந்த பெயர் அது.

ஆக, ஹேட்ச் என்று தூண்டில்காரர்கள் சொல்வது நீர்வாழ்வை முடித்துக்கொண்டு பூச்சி வெளியே வருவதை. பூச்சியியலார் இதற்கு 'எமெர்ஜென்ஸ்' என்றுதான் எழுதுகிறார்கள். அதற்காக ஆற்றங்கரையில் யாரும் பேச்சை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

சொல்லின் வழி இது. இடைக்கால ஆங்கிலத்தில் 'ஹாச்சன்' என்றால் அடைகாத்துக் குஞ்சு பொரிப்பது. பிறகு அதே சொல் ஒரே அடையில் பொரித்த குஞ்சுக் கூட்டத்துக்கும் பெயரானது. ஒரே இனப் பூச்சி ஒரே வேளையில் திரளாக வருவதற்கு இந்தக் 'கூட்டம்' என்ற பொருள் வழியாகத்தான் சொல் வந்து ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கப்பல் தளத்து மூடியையும் 'ஹேட்ச்' என்பார்கள். அதற்கு வேர் வேறு. ஓவியர்கள் நெருக்கமாகக் கோடு இழுத்து நிழல் காட்டுவதற்கும் அதே ஒலிதான், ஆனால் அது பிரெஞ்சிலிருந்து வந்தது.

எந்த மாதம் எந்தப் பூச்சி என்று முறையாக எழுதி வைக்கும் வழக்கத்தில் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தின் பிளைத் ஆற்றங்கரையில் குடில் போட்டு ட்ரவுட்டின் நடத்தையைப் பார்த்து, தூண்டில்காரருக்கான பூச்சியியல் நூலை 1836-இல் வெளியிட்டார். அதில் பூச்சிகள் மாத வரிசையில் இருக்கின்றன. 'மேட்ச் தி ஹேட்ச்', அதாவது வெளிவரும் பூச்சிக்கு ஒத்த ஈயைக் கட்டு என்ற தொடர் பரவலானதற்கு அமெரிக்கத் தூண்டில் எழுத்தாளர் எர்னஸ்ட் ஷ்வீபர்ட் 1955-இல் தம் நூலுக்கு அதையே சற்று மாற்றி 'மேட்சிங் தி ஹேட்ச்' என்று தலைப்பாக்கியது முக்கியக் காரணம்.

அட்டவணையில் மாதம் இருந்தாலும் பூச்சி பார்ப்பது நீரின் வெப்பத்தை. நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் ஆறுகளில் 'ஹென்ரிக்சன்' எனப்படும் மேஃப்ளை ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வரும் என்பார்கள். உண்மையில் அது காத்திருப்பது நீர் 10 °C-ஐத் தொடுவதற்கு. குளிர் நீடித்தால் தேதியும் தள்ளிப்போகும். ட்ரவுட்டுக்கும் ஏறக்குறைய 10 முதல் 16 °C வரைதான் பசி மிகுந்த காலம். 20 °C-ஐத் தாண்டினால் அது தவிக்கத் தொடங்கும். 10 °C-இல் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 20 °C-இல் 9 மில்லிகிராம்தான். மீனின் உடலுக்கோ வெப்பம் ஏற ஏற ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். மனசாட்சியுள்ள தூண்டில்காரர்கள் அந்த நாட்களில், பிடித்து விட்டுவிடுவதாக இருந்தாலும், தூண்டிலைச் சுருட்டிவிடுவார்கள்.

ஆறு எங்கிருந்து நீர் பெறுகிறது என்பது அடுத்தது. பனி உருகி வரும் ஆறுகளில் வசந்தத்தின் பின்பாதி முழுக்கக் கலங்கல் வெள்ளம். அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் ஓடும் யெல்லோஸ்டோன் ஆற்றில் 'மதர்ஸ் டே கேடிஸ்' என்ற பெயர்பெற்ற ஹேட்ச், அங்கே அன்னையர் தினமான மே மாதத்து இரண்டாம் ஞாயிறை ஒட்டி வரும். கேடிஸ் என்பது இன்னொரு வகை நீர்ப்பூச்சி. பனிவெள்ளமும் அதே வாக்கில் வரும். எது முந்துகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஆண்டு அமையும். வெள்ளம் முந்தினால் பூச்சி மேகம்போல் எழுந்தாலும் கலங்கல் நீருக்குள் இருக்கும் மீனுக்குத் தெரியாது. ஊற்று நீர் ஆறுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. இங்கிலாந்தின் டெஸ்ட், இட்சன் போன்றவை சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வடிந்த நீரால் ஓடுபவை என்பதால் தெளிவும் வெப்பமும் பெரிதாக மாறுவதில்லை. அங்கே மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் எஃபிமெரா டானிக்கா வரும் இரண்டு வாரத்துக்குக் 'கற்றுக்குட்டிகளின் பதினைந்து நாள்' என்று கேலிப்பெயர். தூண்டில் பிடிக்கத் தெரியாதவனுக்கும் மீன் மாட்டும் என்று அர்த்தம். பெரிய அணையின் அடி மதகிலிருந்து குளிர்நீர் வரும் ஆறு, மொன்டானாவின் பிக்ஹார்ன் போல, இன்னொரு ரகம். மேலே வெயில் எப்படிக் காய்ந்தாலும் அங்கே பூச்சிகளுக்குத் தனிக் கணக்கு.

அன்றன்றைய வானமும் சேரும். 'புளூ விங்டு ஆலிவ்' என்ற சின்ன மேஃப்ளை மப்பும் தூறலுமான நாளைத்தான் விரும்பும். அந்த ஈரக் குளிரில் சிறகு உலர நேரமாவதால் பூச்சி நீர்மேல் கூடுதல் நேரம் கிடக்கும், மீனும் மேலே வரும். நல்ல வெயிலடிக்கும் விடுமுறை நாளைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இனி தமிழ்ச்சொல். 'வெளிப்பாடு' பொருளில் சரி, ஆனால் கவிதை விமர்சனத்தில் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது. 'எழுச்சி' என்றால் மேடைப் பேச்சு நினைவுக்கு வரும். 'புறப்பாடு'தான் என் தேர்வு. மழை விட்ட மாலையில் "ஈசல் புறப்பட்டது" என்றுதான் சொல்கிறோம், ஈசல் பொரித்தது என்று யாரும் சொல்வதில்லை. ஈசலும் முன்பே வளர்ந்து சிறகு முளைத்து, ஈரமும் வெப்பமும் கூடிவரும் வேளைக்காகப் புற்றுக்குள் காத்திருந்ததுதான். புறம், படு என்று பிரித்தால் வெளியே தோன்றுதல். ஊர்வலச் சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. திரளாக, வேளை பார்த்து வருவதால் அதுவும் இடிக்கவில்லை. ஒன்றே ஒன்று, மேஃப்ளையை ஈசல் என்று எழுதிவிடக் கூடாது. ஈசல் கறையான் இனம்.

இதிலிருந்து மற்றவை எளிதாகக் கிளைக்கும். ஹேட்ச் சார்ட் என்பது புறப்பாட்டு அட்டவணை. தோலில் பாதி சிக்கியபடி மிதக்கும் 'எமெர்ஜர்' புறப்படுபூச்சி; ஊறுகாய்போல வினைத்தொகை. இரண்டாவது முறை தோலுரித்து முழு வளர்ச்சி அடைந்த பூச்சிக்கு 'ஸ்பின்னர்' என்று பெயர்; அது முட்டையிட்டுச் செத்து நீர்மேல் விழும் 'ஸ்பின்னர் ஃபால்' உதிர்வு. முதல் சிறகுப் பருவத்துக்கு உள்ள 'டன்' என்ற பெயர் மங்கல் நிறத்தால் வந்தது. அதையும் ஸ்பின்னரையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், வலிந்து மாற்ற ஒன்றுமில்லை. மேஃப்ளையின் 'மே'யை மட்டும் மாதமாக மொழிபெயர்க்க வேண்டாம். அதன் பல இனங்கள் வேறு மாதங்களில் வருகின்றன. 1860-களில் ட்ரவுட் கொண்டுபோய் விடப்பட்ட டாஸ்மேனியாவிலும் நியூசிலாந்திலும் மே என்றால் குளிர்காலம் தொடங்கும் நேரம்.

ஸ்டோன்ஃப்ளை என்ற இன்னொரு வகை நீர்ப்பூச்சியின் இனங்கள் பெரும்பாலும் நீர்மேல் தோலுரிப்பதில்லை. இளம்பூச்சி கரைக்கு ஊர்ந்து வந்து கல்லிலோ செடியிலோ தோலைக் கழற்றும். மேற்கு அமெரிக்காவின் சால்மன்ஃப்ளை அப்படித்தான். மூன்று நான்கு ஆண்டுகள் நீருக்குள் கிடந்த பிறகு, கீழ்ப்பகுதி முதலில் சூடேறுவதால், அதன் புறப்பாடு நாளுக்கு நாள் ஆற்றில் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே போகும். கரையில் நடந்தாலும் புறப்பாடு புறப்பாடுதான். கோடையில் கரைப் புல்லிலிருந்து காற்றடித்து ஆற்றில் விழும் வெட்டுக்கிளிக்கும் எறும்புக்கும் மட்டும் இந்தச் சொல் சேராது. அவை நீருக்குள் வளர்ந்தவை அல்ல. அவற்றுக்கு 'விழுபூச்சி' என்று தனியாக எழுதலாம்.