பெரிய பிக்கப்புக்குச் சின்ன டர்போ இன்ஜின் போதுமா?

2011 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சி மேடையில், கூட்டம் சுற்றி நின்று பார்க்க, ஃபோர்டு நிறுவனத்தார் ஓர் இன்ஜினைப் பிரித்துப் போட்டார்கள். அது புது இன்ஜின் இல்லை. முதலில் ஆய்வுக்கூடத்தில் 2.4 லட்சம் கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமான அளவு ஓடியிருந்தது. அப்புறம் ஒரு பிக்கப்பில் ஏறி, ஓரிகன் காட்டில் மரத்தடிகளை இழுத்தது. மயாமி பக்கத்துப் பந்தயத் தடத்தில் 5 டன்னுக்கு மேற்பட்ட டிரெய்லரோடு 24 மணி நேரம் சுற்றியது. கடைசியாக மெக்சிகோவின் பாஹா 1000 பாலைவனப் பந்தயத்திலும் ஓடிவிட்டு வந்திருந்தது.

இவ்வளவு பாடுபட்டு நிரூபிக்கக் காரணம் இருந்தது. அது, கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் டர்போ என்ற கருவி இரண்டு பொருத்திய 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் வி6 பெட்ரோல் இன்ஜின். ஃபோர்டின் எஃப்-150 போன்ற முழு அளவு பிக்கப் என்றால் எட்டு சிலிண்டர் வி8 இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் ஊறிப்போன நம்பிக்கை. அந்த நம்பிக்கை அதன் பிறகு பல இடங்களில் உடைந்தது. 2019இல் ஷெவர்லே சில்வராடோவில் 2.7 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ வந்தது. 2022இல் டொயோட்டா டண்ட்ரா தன் 5.7 லிட்டர் வி8ஐக் கைவிட்டு 3.4 லிட்டர் டர்போவுக்கு மாறியது. ராம் 1500 பிக்கப் 2025 மாடலில் வி8ஐ நிறுத்தி 3 லிட்டர் டர்போவைக் கொண்டுவந்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் விடவில்லை, 2026 மாடலிலேயே வி8 திரும்பி வந்துவிட்டது. ஆக, விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதில் யார் பக்கம் நியாயம் என்று பார்க்க, ஒரு பிக்கப்புக்கு உண்மையில் எவ்வளவு சக்தி தேவை என்பதிலிருந்து தொடங்குவோம்.

இரண்டரை டன் எடையுள்ள பிக்கப் ஒன்று, சுமை ஏதும் இல்லாமல், சமதளச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறது. காற்றின் எதிர்ப்பையும் டயர்களின் உராய்வையும் சமாளிக்க அதற்கு 30 குதிரைத்திறனுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். இன்ஜினின் மொத்தத் திறன் 350க்கு மேல் என்றால், பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. அதே வண்டியில் மூன்றரை டன் டிரெய்லரைக் கட்டி, 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் மலைச்சாலையில் மணிக்கு 96 கிலோமீட்டரில் ஏற்றிப் பாருங்கள். சக்கரங்களுக்கே சுமார் 220 குதிரைத்திறன் போய்ச் சேர வேண்டும். கியர்பாக்ஸிலும் அச்சிலும் வீணாவதைச் சேர்த்தால் இன்ஜின் 250 அளவுக்கு உழைத்தாக வேண்டும்.

ஒரே வண்டிக்கு இப்படி எட்டு மடங்கு வித்தியாசத்தில் இரண்டு வேலைகள். பெரும்பாலான பிக்கப்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை முதல் வேலையில்தான் கழிக்கின்றன. வாங்குகிறவர் மனதில் இருப்பதோ இரண்டாவது வேலை. சின்ன டர்போ சரியா தவறா என்ற கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் இன்ஜினின் சக்தியை நிர்ணயிப்பது காற்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம், காற்றைச் சிலிண்டருக்குள் கொண்டுவருவதுதான் கஷ்டம். அதனால்தான் அதிக சக்தி வேண்டுமென்றால் சிலிண்டரைப் பெரிதாக்கினார்கள். ஆனால் 30 குதிரைத்திறன் மட்டும் தேவைப்படும் நேரத்தில் அந்தப் பெரிய சிலிண்டர்கள் பாரமாகிவிடுகின்றன. காற்று அதிகம் போகாமலிருக்க த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியே இருக்கும். பிஸ்டன்கள் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும், இளநீரில் போட்ட நசுங்கிய ஸ்ட்ராவை உறிஞ்சுவதுபோல, அந்தச் சின்ன இடைவெளி வழியாகக் காற்றை இழுத்தாக வேண்டும். இந்த வெட்டிவேலைக்கும் பெட்ரோல்தான் செலவாகிறது. எட்டு சிலிண்டர்களின் உராய்வு வேறு. நான்கு சிலிண்டர் 2.7 லிட்டர் இன்ஜின் அதே 30 குதிரைத்திறனைத் தரும்போது அதன் த்ராட்டில் இன்னும் அகலமாகத் திறந்திருக்கும், உராயும் பாகங்களும் குறைவு. சின்ன இன்ஜின் மிச்சப்படுத்துவது இங்கேதான்.

சரி, மலை ஏறும்போது? அப்போதுதான் டர்போ வருகிறது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாக சைலன்சர் வழியே வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையின் பாதையில் ஒரு டர்பைன் சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர், வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்பவை. சில்வராடோவின் 2.7 லிட்டர் இன்ஜினில் காற்றழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஒன்றரை பார் வரை ஏறும். அதாவது, சாதாரணமாக வரும் காற்றைப்போல இரண்டரை மடங்கு அழுத்தம். கணக்குப் போட்டால் அந்த நேரத்தில் 2.7 லிட்டர் இன்ஜின் கிட்டத்தட்ட 6.7 லிட்டர் இன்ஜின் அளவுக்குக் காற்று வாங்குகிறது.

இதன் பலன் உச்சகட்டக் குதிரைத்திறனைவிட டார்க், அதாவது தண்டைச் சுழற்றும் முறுக்குவிசை, வரும் இடத்தில்தான் நன்றாகத் தெரியும். 2011 எஃப்-150இல் 5 லிட்டர் வி8 தந்த அதிகபட்ச டார்க் 515 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்றுகள்). 3.5 லிட்டர் டர்போ தந்தது 569, வெறும் 2,500 ஆர்பிஎம்மில். 1,700 ஆர்பிஎம்மிலேயே அதில் 90 சதவீதம் வந்துவிடும் என்று ஃபோர்டு சொன்னது. சில்வராடோவின் நான்கு சிலிண்டரும் 2022இல் 560 நியூட்டன் மீட்டருக்கு மேல் எட்டி, அதே வண்டியின் 5.3 லிட்டர் வி8ஐத் தாண்டிவிட்டது. படகை ஏரிக்கரைச் சரிவில் இழுத்து மேலே ஏற்றுகிறவருக்கும், டிரெய்லரோடு நெடுஞ்சாலையில் நுழைகிறவருக்கும் தேவைப்படுவது இந்தக் கீழ்ச்சுற்று டார்க்தான். நிற்கும் வண்டி கிளம்பும் முதல் கணத்தில் டர்பைன் வேகம் எடுக்கவில்லை என்ற குறை உண்டு. ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரண்டு சின்ன டர்போக்களை வைப்பதும், கிளம்பும்போது விசையைப் பெருக்கிக் கியர் பெட்டிக்குத் தரும் டார்க் கன்வெர்ட்டரும், எட்டு அல்லது பத்து கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் அந்தக் குறையைப் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன.

ஆனால் டர்போ உண்மையில் தன்னை நிரூபிக்கும் இடம் உயரம். இது புதிய செய்தியே இல்லை. 1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான இன்ஜின் ஒன்றை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரத்துக்கே கொண்டுபோனார். உயரம் சுமார் 4,300 மீட்டர். கடல்மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் அங்கே 230தான் தந்தது. டர்போவை இணைத்ததும் 356. விமானங்கள் மெல்லிய காற்றில் பறப்பதற்காகச் செய்த சோதனை அது. அதே கொலராடோவில் இன்று பிக்கப் ஓட்டுகிறவருக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

ஐ-70 நெடுஞ்சாலை ராக்கி மலைகளைக் கடக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதை 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கிலிருந்து ஏறினால் கடைசி 13 கிலோமீட்டரில் சரிவு 7 சதவீதம் வரை போகும். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 70 சதவீதம். 355 குதிரைத்திறன் வி8 அங்கே வெறும் 250 குதிரைத்திறன் இன்ஜின். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள், மூன்றரை டன் டிரெய்லருக்குத் தேவைப்பட்டதும் அதே 250. அதாவது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி, 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் இன்ஜினை அலறவிட்டால்தான் வேகம் குறையாமல் ஏற முடியும். டர்போ இன்ஜினிலோ சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று, குறைந்த அழுத்தத்தைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. மலை மாநிலங்களில் வசிக்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

இதற்கான விலை வெப்பம். காற்றை இரண்டரை மடங்கு அழுத்தினால் 30 டிகிரியில் இருந்த காற்று 150 டிகிரி செல்சியசை நெருங்கிவிடும். சூடான காற்றும் பெட்ரோலும் சேர்ந்தால், தீப்பொறி மூட்டிய தீ பரவி வந்து சேர்வதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும் ஆபத்து உண்டு. அதுதான் நாக்கிங், பிஸ்டனையே உடைக்கக்கூடியது. அதைத் தவிர்க்க, வண்டியின் முன்புறம் இன்டர்கூலர் வைத்துக் காற்றைக் குளிர்விக்கிறார்கள். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சி, அது ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியையும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அதுவும் போதாதபோது கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், அதனால் சக்தி குறையும். வெளியேறும் புகை அளவுக்கு மீறிச் சூடாகி டர்பைனைக் கெடுத்துவிடாமலிருக்க, பல இன்ஜின்கள் தேவைக்கு அதிகமாகவே பெட்ரோலைப் பீய்ச்சுகின்றன. அந்தக் கூடுதல் பெட்ரோல் எரிந்து சக்தியாவதில்லை, குளிர்விக்க மட்டுமே பயன்படுகிறது.

மைலேஜ் பற்றிய ஏமாற்றம் இங்கேதான் பிறக்கிறது. சுமை இல்லாமல், மெதுவாக ஓட்டினால் சின்ன இன்ஜின் மிச்சப்படுத்தும். டர்போ முழு மூச்சில் வேலை செய்யும்போது மிச்சம் மறைந்துவிடும். பெரிய பெட்டி டிரெய்லரை இழுத்தால் எந்தப் பெட்ரோல் பிக்கப்பும் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது, வி8 ஆனாலும் டர்போ ஆனாலும். என் பார்வையில், நிறுவனங்கள் இந்த இன்ஜின்களை எரிபொருள் சிக்கனத்தின் பெயரில் விற்றது தவறு. கீழ்ச்சுற்று டார்க்கையும் மலையேறும் திறனையும் முன்னே வைத்திருந்தால் வாங்கியவர்களுக்கு மனக்குறை இருந்திருக்காது.

டீசலில் இந்தச் சங்கடங்கள் குறைவு. சக்தியைக் கட்டுப்படுத்த டீசல் இன்ஜினுக்கு த்ராட்டில் தேவையில்லை. டீசல் கடைசி நேரத்தில்தான் சிலிண்டருக்குள் வருவதால் இந்த வகை நாக்கிங்கும் கிடையாது. அதனால்தான் தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் எல்லாம் சின்ன டர்போ டீசலில் டன் கணக்கில் சுமக்கின்றன. நம் ஊரில் காய்கறி மூட்டை ஏற்றும் பொலேரோ பிக்கப்பும் 2.5 லிட்டர் டர்போ டீசல்தான், அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

டர்போ என்றால் சீக்கிரம் கெட்டுவிடும் என்ற பேச்சைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். டர்போவுக்கே உரிய கோளாறுகள் உண்டு. ஃபோர்டின் முதல் 3.5 லிட்டர் வண்டிகளில், ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இன்டர்கூலருக்குள் நீர் திரண்டு தேங்கியது. ஓட்டுநர் முந்துவதற்காக ஆக்சிலரேட்டரைத் திடீரென்று அழுத்தும்போது அந்த நீர் மொத்தமாக சிலிண்டருக்குள் போய், இன்ஜின் திக்கித் தடுமாறியது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் இதை விசாரித்தது. நேரடிப் பீய்ச்சலால் உள்வால்வுகளில் கரி படிவது இன்னொன்று. 2017 முதல் ஃபோர்டு அந்த இன்ஜினில் வால்வுக்கு முன்னாலும் பெட்ரோலைத் தெளிக்கும் இரண்டாவது ஏற்பாட்டைச் சேர்த்தது, அது வால்வைக் கழுவிவிடுகிறது.

ஆனால் செய்திகளில் பெரிதாக வந்த பழுதுகளுக்குக் காரணம் வேறு. 2024இல் டொயோட்டா சுமார் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, தயாரிப்பின்போது இன்ஜினுக்குள் விடுபட்ட உலோகத் துகள்களுக்காக. அதே ஆண்டு ஃபோர்டு திரும்ப அழைத்தது, நொறுங்கும் தன்மையுள்ள உள்வால்வுகளுக்காக. 2025இல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றில் இருந்தது டர்போவே இல்லாத 6.2 லிட்டர் வி8. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டிலும், இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடிலும் தயாரிப்புக் குறை.

ஆகவே லிட்டர் கணக்கைவிட, அந்த இன்ஜின் எந்த வேலைக்காகப் பிறந்தது என்பதைப் பார்ப்பதுதான் முறை. சில்வராடோவின் 2.7 லிட்டர், காருக்குச் செய்ததைத் தூக்கிப் பிக்கப்பில் வைத்தது அல்ல. கிராங்க் ஷாஃப்ட் அடித்து வடித்த எஃகு, பிஸ்டன் ஓட்டம் 102 மில்லிமீட்டர் நீளம். 2022இல் டார்க்கைக் கூட்டியபோது பிளாக்கையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் முதலில் உறுதியாக்கினார்கள். இழுவைத் திறனுக்கு அமெரிக்கப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுச் சோதனையும் கவனிக்கத்தக்கது. அரிசோனாவின் டேவிஸ் அணைச் சரிவில், 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுவதும் போட்டுக்கொண்டு, 18 கிலோமீட்டருக்கு மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் டிரெய்லரோடு ஏற வேண்டும். பெரிய நிறுவனங்களின் டர்போ பிக்கப்களும் இந்தச் சோதனைப்படிதான் இழுவைத் திறனை அறிவிக்கின்றன.

ஏற்றத்தைப் பற்றியே பேசிவிட்டு இறக்கத்தை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் பெரிய இன்ஜின் தெளிவாக ஜெயிக்கும் இடம் அது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டன்கள் மூடிய த்ராட்டிலுக்கு எதிராகக் காற்றை இழுக்கின்றன. முன்பு வெட்டிவேலை என்று சொன்ன அதே எதிர்ப்பு, இப்போது வண்டியைப் பிடித்து நிறுத்தும் எஞ்சின் பிரேக். சிலிண்டர் எவ்வளவு பெரிதோ, பிடிப்பும் அவ்வளவு. 2.7 லிட்டர் இன்ஜினின் பிடிப்பு 5.3 லிட்டரின் பிடிப்பில் பாதிதான் தேறும். எரிபொருள் எரியாதபோது புகையும் இல்லை, அதனால் டர்போ இங்கே உதவாது. கியர்பாக்ஸ் கீழ்க் கியருக்குப் போய் ஓரளவு ஈடுகட்டும். டிரெய்லரின் சொந்த பிரேக்குகள் நல்ல நிலையில் இருப்பது கட்டாயம். வாரம் முழுவதும் கனமான டிரெய்லரோடு மலையில் ஏறி இறங்குவதே தொழில் என்றால், எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள பெரிய டீசல் பிக்கப்பை வாங்குவதே நல்லது. அதில் டர்போவின் இதழ்களே மூடிக்கொண்டு புகைப்பாதையை அடைத்து, வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும்.