கட்டிப்பிடிக்கும் முன் ஒரு கேள்வி

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரப் பிள்ளைகளுக்கு மேசைக்கு அடியில் ஒடுங்குவது புதிதல்ல. 2011 பெப்ரவரி 22 நிலநடுக்கத்தில் 185 பேரைப் பறிகொடுத்த நகரம் இது. அன்று ஆறு ஏழு வயதில் இருந்தவர்கள்தான் 2019இல், நான் மனநல ஆலோசகராக வேலை பார்த்த உயர்நிலைப் பாடசாலையில் பத்தாம், பதினோராம் ஆண்டு வகுப்புகளில் படித்தார்கள். நிலம் ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். குனிந்து மேசைக்குள் போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும், ஆட்டம் நின்றதும் மைதானத்துக்கு ஓட வேண்டும். அந்தக் கடைசிப் பகுதிதான் ஆறுதல். வெளியே போய் வானத்தைப் பார்க்கலாம், யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணலாம்.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. நகரத்தில் துப்பாக்கிச் சூடு என்று பாடசாலையை லொக்டவுனில் போட்டார்கள். லொக்டவுன் என்றால் திரையை இழுத்து, விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் அப்படியே கிடக்க வேண்டும். மதியம் இரண்டு மணியளவில் தொடங்கி மாலை வரை கிடந்தோம். பல பிள்ளைகள் காலநிலை மாற்றத்துக்கு எதிரான போராட்டத்துக்காக நகர மையத்தில் கதீட்ரல் சதுக்கத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் எங்கே ஒதுங்கியிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நான் நூலகத்தின் பின்னறையில் இருபது இருபத்தைந்து பேரோடு தரையில் இருந்தேன். கைத்தொலைபேசிகளைச் சத்தமில்லாமல் வைக்கச் சொல்லியிருந்தோம், நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. இருட்டில் நாலைந்து முகங்கள் நீல வெளிச்சத்தில் தெரிந்தன. ஒரு பையன் திடீரென்று தொலைபேசியைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். என்ன பார்த்தான் என்பது எனக்கு இரவுதான் விளங்கியது. ஹாக்லி பூங்காவுக்கு எதிரே உள்ள அல் நூர் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு வந்தவர்களைச் சுட்டவன், அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகவே விட்டிருந்தான். பிறகு லின்வுட் பள்ளிவாசலுக்கும் போனான். இரண்டு இடத்திலுமாக 51 பேர் இறந்தார்கள். அவர்களில் மூன்று வயதுக் குழந்தையும் உண்டு, பாடசாலைப் பிள்ளைகளும் உண்டு.

இதை எழுதுவது அந்த நாளைத் திரும்பச் சொல்வதற்காக அல்ல. அதற்குப் பிறகு ஒரு பாடசாலை தன் முஸ்லிம் பிள்ளைகளோடு எப்படி நின்றது, எங்கே சறுக்கியது என்பதைச் சொல்லத்தான். உங்கள் பாடசாலையிலும் இப்படியொரு திங்கட்கிழமை வரலாம். (அடையாளம் தெரியாதபடி பிள்ளைகளின் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தத் திங்கட்கிழமைக்காக ஞாயிறு பிற்பகலே அதிபரும் நாங்களும் கூடினோம். நல்ல முடிவுகள்தான் எடுத்தோம். எல்லா வகுப்பிலும் ஒரே அறிவித்தலை ஒரே சொற்களில் வாசிப்பது. சுட்டவனின் பெயரைச் சொல்வதில்லை, இரண்டு நாள் கழித்துப் பிரதமரும் அதைத்தான் கேட்டார். பேச விரும்பாதவரைப் பேச வைப்பதில்லை. தொழுகைக்கு ஓர் அறை. வாசலில் இரண்டு ஆசிரியர்கள் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்பது. இதுவரை சரி.

நாங்கள் யோசிக்காத விசயம், அன்பு அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பது. திங்கள் மதியம் பத்தாம் வகுப்புப் பிள்ளையொன்று என் அறைக்கு வந்து கதவை மூடிக்கொண்டு இருந்தாள். முக்காடு போடுகிற பிள்ளை. சோமாலியாவிலிருந்து வந்த குடும்பம். அழவில்லை. "நான் எண்ணிக்கொண்டு வந்தேன் மிஸ். இடைவேளைக்குள் பத்தொன்பது பேர் கட்டிப்பிடித்துவிட்டார்கள். அதில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒருத்தி என் தோளில் சாய்ந்து அழுதாள், நான்தான் அவளைத் தேற்றினேன்." பிறகு சொன்னாள், "எனக்குக் கணக்குப் பாடம் செய்ய வேண்டும் போல இருக்கிறது. யாரும் விடுகிறார்கள் இல்லை."

இது என் வேலையில் அடிக்கடி பார்க்கிற ஒன்று. பெரிய துக்கம் நடந்தால் சுற்றியிருப்பவர்களுக்கும் கை பரபரக்கும். ஏதாவது செய்தாக வேண்டும். அந்தப் பரபரப்பைத் தணிக்க அடிபட்டவரையே தேடிப் போகிறோம். அடிபட்ட பிள்ளையோ, தன் துக்கத்தோடு வருகிறவரின் துக்கத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. அன்று மாலையே வகுப்பாசிரியர்களிடம் ஒரு சின்ன மாற்றம் கேட்டேன். கட்டிப்பிடிக்கும் முன், "உனக்கு இப்போது என்ன வேண்டும்? என்ன வேண்டாம்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியை மறக்காதீர்கள். "ஒன்றும் வேண்டாம்" என்றால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அடுத்த நாள் திரும்பக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை கணக்கு ஆசிரியர் அவளுக்கு ஒரு பயிற்சித்தாளை நீட்டிவிட்டுப் பேசாமல் போனார். அந்த வாரம் அவளுக்குக் கிடைத்த உதவிகளில் அதுதான் நல்லது என்று பிறகு சொன்னாள்.

அந்தக் காணொளி தனிக்கதை. அதைத் தேடிப் பார்த்தவர்களைவிட, தானாக ஓடித் தொலைந்ததைப் பார்த்தவர்கள் என் அறைக்கு அதிகம் வந்தார்கள். தாக்குதலுக்குப் பிந்திய 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக்கே சொன்னது. நீக்கும் முன் எத்தனை கண்களில் பட்டிருக்கும் என்று பாருங்கள். நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் அதைத் தடை செய்ததும் இன்னொரு சிக்கல் வந்தது. தடை சரியானது, அதில் எனக்கு மறு கருத்து இல்லை. ஆனால் வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றம், பகிர்ந்தால் 14 ஆண்டு வரை சிறை என்று கேட்டதும், பார்த்த பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிய அந்தப் பையன் மூன்றாம் நாள்தான் வந்தான். முதல் கேள்வியே, "பொலிஸ் வருமா?" என்பதுதான். அவனிடம் என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. அதைத் திரும்பச் சொல்ல வைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கண்ணை மூடினால் வருகிறதா, எந்த நேரத்தில் வருகிறது என்று மட்டும் கேட்டேன். பார்த்தது உன் பிழையில்லை என்று சொல்லி, தொலைபேசியில் இருந்ததை அவன் கையாலேயே அழிக்க வைத்தேன். வீட்டில் உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன்: "ஏன் பார்த்தாய்?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். நள்ளிரவில் யாரும் கிடைக்காவிட்டால், நியூசிலாந்தில் 1737 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

இன்னொரு விசயம் எங்களுக்கு யாரும் சொல்லித் தராதது. முஸ்லிம்கள் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, முடிந்தவரை சீக்கிரம் அடக்கம் செய்வார்கள். அடையாளம் காணும் வேலை முடியாமல் உடல்கள் கிடைக்கவில்லை. முதல் அடக்கமே புதன்கிழமை, 20ஆம் தேதிதான் நடந்தது. உறவினரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு அந்த நாட்கள் இறப்பைவிடக் கொடுமையாக இருந்தன. சக மாணவர்களுக்கோ அது விளங்கவில்லை. "ஏன் இன்னும் இறுதிச் சடங்கு இல்லை?" என்று நல்ல மனதோடுதான் கேட்டார்கள், அது ஊசியாகக் குத்தியது. மூன்று வரியில் ஒரு விளக்கத்தை எழுதி எல்லா வகுப்புக்கும் அனுப்பினோம். கேள்விகள் நின்றன.

பிறகு அடுத்த வெள்ளி, மார்ச் 22. மதியம் 1.30க்கு ஹாக்லி பூங்காவிலிருந்து பாங்கோசை நாடு முழுக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தது, தொடர்ந்து இரண்டு நிமிட மௌனம். அன்று பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டு ஆதரவு காட்டலாம் என்றும் ஒரு யோசனை நாட்டில் பரவியிருந்தது. சில ஆசிரியைகள் ஆர்வத்தில் துணிக்கடைக்குப் போகவே தயாராகிவிட்டார்கள். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டு, எங்கள் ஆறு முஸ்லிம் மாணவிகளிடம் கேட்டேன். மூன்று பேருக்குச் சந்தோசம். ஒருத்தி, "நான் முக்காடு போடுவதே இல்லை. நாளைக்கு எல்லோரும் போட்டுக்கொண்டு நான் மட்டும் போடாமல் நிற்பதா?" என்றாள். ஒருத்தி கோபப்பட்டாள்: பேருந்தில் இதற்காகத்தான் அவளை ஏசியிருக்கிறார்கள், ஒரு நாள் போட்டுக் கழற்றுகிறவர்களுக்கு அது விளங்காது. ஆறாவது பிள்ளை, "போடுங்கள், ஆனால் எங்களை நடுவில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்" என்றாள். நாட்டிலிருந்த முஸ்லிம் பெண்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பிறகு ஏன் இந்த ஆறு பேர் மட்டும் ஒரே குரலில் பேச வேண்டும்? விரும்பியவர் போடலாம், யாரும் யாருக்கும் வாங்கிக் கொடுப்பதில்லை, படம் இல்லை என்று முடிவானது. அந்த 'படம் இல்லை' மட்டும் பெரியவர்கள் சிலருக்கு உறைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பையன்கள் ஹாக்கா ஆட விரும்பினார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் துக்கத்திலும் மரியாதைக்கும் ஆடுவது அது. அந்த வாரம் நகரமெங்கும் பாடசாலைப் பிள்ளைகள் தெருவில் நின்று ஆடினார்கள். முஸ்லிம் மாணவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து அவர்களுக்காக ஆடுவதாகத் திட்டம். அதில் ஒரு பையன், இலங்கையிலிருந்து சின்ன வயதில் வந்தவன், என்னோடு தமிழில் பேசுகிறவன், வந்து கேட்டான்: "ஏன் மிஸ் நான் இருந்து பார்க்கணும்? எனக்கும் தெரியும்தானே. நானும் ஆடுறன்." கதிரைகளை எடுத்துவிட்டோம். அவன் இரண்டாம் வரிசையில் நின்று தொண்டை கிழிய ஆடினான். "அவர்களும் நாமே" என்று பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் சொன்னதை நாடே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அதைப் பற்றியும் அவனுக்கு ஒரு கருத்து இருந்தது. "நல்லாத்தான் சொன்னாங்க மிஸ். ஆனா 'அவர்கள்' எண்டுதானே தொடங்குது."

ஏப்ரல் நடுப்பகுதியில் தவணை விடுமுறை. பூக்கள் வாடி, மதிலில் ஒட்டிய அட்டைகளை மழை கரைத்துவிட்டிருந்தது. விடுமுறைக்குள், ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செய்தவர்கள் முஸ்லிம் பெயர் கொண்டவர்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் கனபேர் பிள்ளைகள்.

மாதக் கடைசியில் பாடசாலை திறந்தபோது ஹாக்கா ஆடிய அந்தப் பையன் வேறு ஆளாக வந்தான். மார்ச்சில் அவனைக் கட்டிப்பிடித்த அதே நடைபாதையில் ஒருவன், "இப்ப என்ன சொல்றாய்?" என்று கேட்டிருக்கிறான். அன்று மதிய உணவை அவன் தனியாகச் சாப்பிட்டான். அவனுடைய உம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். "நாங்க புத்தளம் மிஸ். அதுக்கு முன்னம் யாழ்ப்பாணம்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வகுப்பில் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். வகுப்பு திரும்பத் தொடங்கிய நாளில் ஆசிரியை இடாப்பைத் திறந்து பெயர்களை வாசித்துக்கொண்டே போனார், அந்த இரண்டு பெயரிலும் ஒரு கணம் நின்றார், பிறகு அடுத்த பெயருக்குப் போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவும் சொல்லவில்லை. பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் பயம் போன பிறகும் வெகுகாலம் ஒன்றும் சொல்லவில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததில் அந்த இடாப்புக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

ஆதரவில் லேசான பாதியும் உண்டு, கடினமான பாதியும் உண்டு. பாதிக்கப்பட்டவன் முஸ்லிமாக இருக்கும்போது பூங்கொத்தோடு போவது லேசு. குற்றம் செய்தவன் முஸ்லிம் பெயரோடு இருக்கும் வாரத்தில் அதே பிள்ளையின் பக்கத்தில் போய்ச் சாப்பிட உட்காருவதுதான் கடினம். மார்ச்சில் செய்ததையெல்லாம் மே மாதத்திலும் செய்யுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னேன். வாசலில் பெயர் சொல்லி வரவேற்பது, "என்ன வேண்டும், என்ன வேண்டாம்" கேட்பது, எல்லாம். நடைபாதையில் கேட்ட பையனைத் தண்டிக்கவில்லை. அவனோடு இரண்டு முறை நீளமாகப் பேசினேன். மார்ச்சில் இந்நகரத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் யாரிடமும் சுட்டவனுக்காகப் பதில் சொல்லும்படி கேட்டோமா என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

இதில் இன்னொரு பிள்ளையும் உண்டு. மட்டக்களப்புப் பூர்வீகம், கிறிஸ்தவக் குடும்பம், அந்தப் பையனின் அதே வகுப்பு. சீயோன் தேவாலயத்தில் அவளுடைய அம்மாவின் சிநேகிதியின் பிள்ளை இறந்துவிட்டது. பையன் என்னிடம் வந்து, "அவட்ட என்ன சொல்றது மிஸ்? நான் சொன்னா சரியா?" என்று கேட்டான். எழுதிப் பார் என்றேன். எழுதினான், நாலு வரி, என்னிடம் காட்டவில்லை. அவள் வாங்கி, பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு கிழமை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நானும் இடையில் புகவில்லை.

நோன்பு தொடங்கி சில நாள் கழித்து ஏதோ வேலையாக நூலகத்துக்குப் போனேன். மூன்று பேர் குழுவாக விஞ்ஞான ஒப்படை செய்துகொண்டிருந்தார்கள், அதில் இவர்கள் இருவரும். வரைபடத்தை யார் வரைவது என்று சண்டை. "உன்ர கோடு ஒருநாளும் நேரா வராது" என்று அவள் அடிமட்டத்தைப் பறித்தாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.