மாலையில் தசைக்கு ஏன் கூடுதல் வலு?

உடற்பயிற்சி என்றாலே அதிகாலைதான் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறோம். தசைகளைக் கேட்டால் மாலையைத்தான் கைகாட்டும்.

உடலின் உள்வெப்பம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடியலுக்குச் சற்று முன்பு மிகவும் தாழ்ந்திருக்கும். பிறகு மெல்ல ஏறி, மாலை 5 முதல் 7 மணிவாக்கில் உச்சத்தைத் தொடும். மொத்த ஏற்றமே சுமார் ஒரு டிகிரி செல்சியஸ்தான். ஆனால் அதற்குள் நரம்புச் செய்திகள் விரைவாகப் பாய்கின்றன, தசை சுருங்கும் வேகம் கூடுகிறது, மூட்டுகளின் இறுக்கம் தளர்கிறது. கைப்பிடி வலுவும் குதிக்கும் உயரமும் பெரும்பாலானோருக்குக் காலையைவிட மாலையில் சற்று அதிகமாக இருப்பது இதனால்தான். காலையில் வார்ம்-அப்பைக் கொஞ்சம் நீட்டினால் இந்த வித்தியாசம் ஓரளவு குறையும்.

வெப்பத்தோடு கதை முடியவில்லை. மூளையின் ஹைப்போதலாமஸில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள், கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து உடலுக்கு நேரம் சொல்கிறது. தசை, கல்லீரல் என உறுப்புகளின் செல்களுக்குள்ளும் தனிக் கடிகாரங்கள் உண்டு. இந்தக் கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. தசைக் கடிகாரம் வெளிச்சத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதல்ல. உடல் எப்போது அசைகிறது, எப்போது சாப்பிடுகிறது என்பதையும் அது கவனிக்கிறது. தொடர்ந்து காலையிலேயே பயிற்சி செய்பவர்களுக்குச் சில வாரங்களில் காலைத் திறனும் மாலையை நெருங்கிவிடுகிறது. காலையில் போட்டி இருப்பவர் மாலையில் மட்டும் பயிற்சி எடுத்தால் இந்த லாபம் கிடைக்காது.

வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு கரையும் என்பது பாதி உண்மை. அந்த நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிகிறதுதான். எடையைத் தீர்மானிப்பதோ, பல நாள் வரவு செலவுக் கணக்கு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு வெறும் வயிற்றுப் பயிற்சியில் சர்க்கரை திடீரெனச் சரியும் ஆபத்தும் உண்டு. சாப்பிட்டபின் சிறிது நடப்பது ரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தைத் தணிக்கும்.

இரவுப் பயிற்சி தூக்கத்தைக் கெடுக்கும் என்ற பயம் கொஞ்சம் மிகை. படுக்கப்போகும் கடைசி ஒரு மணி நேரத்தில் மூச்சிரைக்க ஓடாமல் இருந்தால் பெரும்பாலானோருக்குச் சிக்கல் இல்லை.

விடியலில் எடை தூக்குபவர்கள்தான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் இடைவட்டுகள் (டிஸ்க்குகள்) இரவில் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்தவுடன் குனியும்போது அவற்றின் மீது அழுத்தம் அதிகம். முதலில் நடையோ ஓட்டமோ முடித்துவிட்டு, குனிந்து தூக்கும் பயிற்சிகளை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கலாம்.