மழை குறைஞ்சுதான் போச்சா? நடுவுல விடுற இடைவெளிய கவனிங்க

வேலூர் மாவட்டத்துல அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஊருங்க பக்கம் மானாவாரி கொல்லைங்கள்ல நீர்வடிப்பகுதி வேலை, அதாவது மழைத்தண்ணிய ஓடிப்போகாம தேக்குற வேலை பாக்குறேன், 14 வருஷம் ஆச்சு. எந்த ஊருக்கு போனாலும் முதல்ல கேக்குறது "மழையே இல்ல சார்"ங்கிறதுதான். ஆனா மழைமானி கணக்க எடுத்துப் பாத்தா பல வருஷம் மொத்த மழை அவ்வளவு மோசம் இல்ல, ஒரே நாள்ல கொட்டிட்டு அப்புறம் 20 நாள் 25 நாள் வானத்த பாக்க வைக்குது, அதுதான் நம்மள சாய்க்குது. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுனத எல்லாரும் பாத்தோம், அதுல நம்ம கொல்லையில எவ்வளவு தங்குச்சு?

ஒரு பாட்டி, ஆடியில விதைச்ச வேர்க்கடலை, செடி பச்சுனு நல்லாதான் இருந்துச்சு. ஒரு செடிய புடுங்கி காட்டுனாங்க. பூவுல இருந்து மண்ணுக்குள்ள இறங்கி காயாகுற விழுது எல்லாம் கீழ வரைக்கும் வந்து, மண்ணுக்கு ஒரு விரக்கடை மேல முனை கருகி நிக்குது. "பூத்ததெல்லாம் வீணாப் போச்சுப்பா"ன்னாங்க. அது 45வது நாள், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டிய நேரம், ஈரமே இல்லாம எங்க அணைக்கிறது. அன்னிக்கு ஒரே ஒரு தண்ணி கிடைச்சிருந்தா காய் புடிச்சிருக்கும்.

அந்த ஒரு தண்ணிக்குதான் பண்ணைக்குட்டை. ஒரு ஏக்கர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா சுமார் 4,000 லிட்டர், அப்போ 40 மில்லிமீட்டர் கொட்டுனா 1.6 லட்சம் லிட்டர், அதுல ஒரு பங்கு செம்மண்ணையும் அரிச்சுக்கிட்டு ஓடைக்கு போயிடுது. 30 அடிக்கு 30 அடி, 5 அடி ஆழம் தோண்டுனா கரை சரிவு போக 1 லட்சம் லிட்டர் கிட்ட நிக்கும், ஸ்பிரிங்ளர் வெச்சா ஒரு ஏக்கருக்கு ஒரு உயிர்த்தண்ணி, அதாவது பயிர் சாகாம காப்பாத்துற ஒரு தண்ணி. செம்மண்ணுல ஊறிடுமேன்னு கேப்பாங்க, ஏரி வண்டல அடியில கொட்டி மிதிச்சு விடுங்க, அப்படியும் ஊறுனா பக்கத்து கிணத்துக்குதான் போகும். நம்ம மாவட்டத்து நாகநதி ஆத்துல 100 நாள் வேலைக்கு வந்த பெண்களே உறை இறக்கி, மழைத்தண்ணிய நிலத்தடிக்கு இறக்குற ரீசார்ஜ் கிணறு கட்டுனாங்க, நம்மளாலயும் முடியும்.

தயவுசெஞ்சு நகைய அடகு வெச்சு இன்னொரு போர் போடாதீங்க. 900 அடி இறக்கியும் புகைதான் வந்துச்சு, அந்த கடன அடைக்க பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போன குடும்பங்கள எனக்கு நேர்லயே தெரியும், மனசு தாங்கல.

தாக்குப்புடிச்சு நிக்குற வீடுங்கள்ல ஒண்ணு கவனிச்சேன், கடலைய மட்டும் நம்புறதில்ல. ஆறு சால் (வரிசை) கடலைக்கு ஒரு சால் துவரை போடுறாங்க, வேர் ஆழமா போறதால கடலை காஞ்சாலும் தை மாசம் துவரை வருது. நாலு ஆடு நிக்குது, ஸ்கூல் திறக்குறப்ப ஒண்ணு விக்கிறாங்க. வீட்டுக்கு கேழ்வரகு கொஞ்சம் இருக்கு.

சித்திரையில முதல் மழை பேயுறப்ப குடைய புடிச்சிக்கிட்டு கொல்லைய ஒரு சுத்து சுத்தி வாங்க. தண்ணி எல்லாம் எந்த மூலையில சேந்து வரப்ப உடைச்சு வெளிய போகுதோ அங்க ஒரு கல்ல நட்டு வைங்க, குட்டை வெட்ட வேண்டிய இடம் அதுதான்.