விமான நிலையத்தில் கட்டுமானப் பணியா? கிளம்பும் முன் விசாரிக்க வேண்டியவை

விமான நிலைய முனையத்தில் பயணிகள் சேவைப் பொறுப்பில் இருப்பவன் நான். விரிவாக்கப் பணி நடக்கும் காலத்தில் விமானத்தைத் தவறவிட்டு எங்கள் கவுன்டர் முன் வந்து நிற்பவர்களில் அடிக்கடி பறப்பவர்கள் நிறையப் பேர். முதல்முறை வருபவர் நேரத்தோடு வந்து, சீருடையில் தென்படுகிற எல்லோரிடமும் வழி கேட்டுவிடுவார். பழகியவர் கேட்பதில்லை. கால் பழகிய பக்கம் நேரே போவார். போன வாரம் வரை நடைபாதை இருந்த இடத்தில் இப்போது பலகைத் தடுப்பு நிற்கும். அங்கிருந்து திரும்பி, சுற்றுவழியைக் கண்டுபிடித்து, பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு வருவதற்குள் கையிருப்பு நேரம் கரைந்துவிடும்.

இயங்கிக்கொண்டிருக்கும் முனையத்தை மொத்தமாக மூடிவிட்டு வேலை செய்ய முடியாது. அதனால் கட்டம் கட்டமாகத்தான் செய்வார்கள். ஒரு பகுதியை அடைப்பார்கள், முடிப்பார்கள், திறப்பார்கள், அப்புறம் அடுத்த பகுதி. ஒவ்வொரு கட்டமும் மாறும்போது தடுப்புகள் நகரும். வழிகாட்டிப் பலகைகள் மாறும். சில நேரம் நுழைவாயிலே மாறும். கூட்டம் குறைந்த நள்ளிரவில்தான் இந்த மாற்றங்களைப் பெரும்பாலும் செய்வார்கள். அதாவது மாறிய வழியில் முதலில் நடப்பவர்கள் விடியற்காலை விமானத்துக்கு வரும் பயணிகள்.

எனக்கு ஆதங்கம் உள்ள இடம் இதுதான். கட்டம் மாறப் போகிறது என்று ஒப்பந்ததாரருக்கும் பாதுகாப்புப் படையினருக்கும் விமான நிறுவனங்களுக்கும் உள்ளே கடை வைத்திருப்பவர்களுக்கும் வரைபடத்தோடு முன்கூட்டியே தகவல் போகிறது. பயணிக்குக் கிடைப்பது, "பணிகள் நடைபெறுவதால் முன்னதாகவே வரவும்" என்ற ஒற்றை வரி. எவ்வளவு முன்னதாக? எந்த இடத்தில் நேரம் கூடுதலாகப் பிடிக்கும்? அதைச் சொல்லாத அறிவிப்பு பாதி அறிவிப்புதான்.

ஆகவே நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முந்தைய நாள் விமான நிலையத்தின் வலைத்தளத்தைப் பாருங்கள், அல்லது உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். "ஏதாவது மாற்றம் உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வண்டி எங்கே இறக்கிவிடும், அங்கிருந்து நுழைவாயிலுக்கு நடந்து போக முடியுமா அல்லது ஷட்டில் பஸ்ஸா, என் விமானத்துக்கு ஏரோபிரிட்ஜா (முனையத்திலிருந்து நேரே விமானத்துக்குள் நடந்து ஏறும் பாலம்), பஸ் கேட்டா (பஸ்ஸில் போய் விமானத்தில் ஏறும் வாயில்) என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு முந்தைய நாளே உறுதியான பதில் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் பஸ் கேட் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் விமானத்தில் ஏற்ற வேண்டும் என்பதால் அந்தக் கேட்டில் போர்டிங் சீக்கிரமே தொடங்கி, சீக்கிரமே முடிந்துவிடும்.

விமான நிறுவனத்தின் நேரக்கெடு கட்டுமானத்துக்காகத் தானாகத் தளராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னாட்டுப் பயணம் என்றால் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவது பரவலான வழக்கம். "வெளியே பஸ்ஸுக்கே இருபது நிமிஷம் நின்றேன்" என்று சொன்னால் கவுன்டரில் இருப்பவருக்குப் புரியும். ஆனால் பெட்டிகளை விமானத்துக்கு அனுப்பும் வேலை அதற்குள் முடிந்திருக்கும், அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

முதியவர்களையும் நடக்கச் சிரமப்படுபவர்களையும் அழைத்து வருபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவை ஒரு மகன் கூட்டிவந்திருந்தார். வழக்கமாக அந்த அம்மா மெதுவாக நடந்தே போய்விடுவாராம், அதனால் சக்கர நாற்காலி கேட்டு வைக்கவில்லை. அன்று எஸ்கலேட்டரைச் சுற்றிப் பலகை அடித்திருந்தது. மாற்று லிஃப்ட் முனையத்தின் மறுகோடியில். பாதி வழியில் அம்மா ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்காலிகள் எல்லாம் முன்பதிவு செய்தவர்களுக்குப் போயிருந்தன. ஒன்று திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கட்டுமானக் காலத்தில் சாதாரண நடை இரட்டிப்பாகும். வழக்கமாகத் தேவைப்படாவிட்டாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் உதவியைப் பதிவு செய்துவிடுங்கள். பார்வையற்றவர்கள் தடம் பிடித்து நடக்கும் தரைக்கோடுகள் தடுப்புக்குள் போய்த் துண்டாகிவிடுவதும் உண்டு. பழகிய இடமாக இருந்தாலும் அவர்களுக்குத் துணை கேட்பதே நல்லது. கட்டுமானத் தூசி இருக்கும் என்பதால், ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் செக்-இன் பெட்டியில் போட வேண்டாம்.

இடையில் விமானம் மாறுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். டிக்கெட் விற்கும் கணினி, ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறக் குறைந்தபட்சம் இத்தனை நிமிடம் போதும் என்ற கணக்கில்தான் இணைப்பைக் காட்டுகிறது. நடுவில் மூடப்பட்ட நடைபாதை அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும் என்று நம்பிவிட முடியாது. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், இணைப்பு தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் நஷ்டம் உங்களுடையது. பணி நடக்கும் நிலையம் வழியாகப் போகும்போது தனித்தனி டிக்கெட் வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

விமான நிலையமே மாறிப்போவதும் உண்டு. 2022 மே 9 முதல் ஜூன் 22 வரை துபாய் பன்னாட்டு விமான நிலையத்தின் வடக்கு ஓடுதளம் புதுப்பிப்புக்காக மூடப்பட்டபோது, பல விமானங்கள் அதே நகரின் இன்னொரு நிலையமான அல் மக்தூமுக்கு மாற்றப்பட்டன. டிக்கெட்டில் நகரத்தின் பெயரை மட்டும் பார்த்தவர் தவறான நிலையத்துக்குப் போய் நிற்க வாய்ப்புண்டு. மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். டிஎக்ஸ்பி (துபாய் பன்னாட்டு நிலையம்) வேறு, டிடபிள்யூசி (அல் மக்தூம்) வேறு.

ஓடுதளப் பணி கண்ணுக்குத் தெரியாமலும் பயணியைத் தொடும். ஒரு முனையில் வேலை நடந்தால், விமானம் பயன்படுத்தக்கூடிய நீளம் குறையும். கிடைக்கிற நீளத்துக்குள் பத்திரமாக மேலெழும்ப வேண்டுமானால் எடையைக் குறைத்தாக வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் காற்றின் அடர்த்தி குறைந்து இறக்கையின் தூக்குவிசையும் இன்ஜினின் உந்துவிசையும் இறங்கும். எடையை இன்னும் குறைக்க வேண்டிவரும். முதலில் சரக்கு, அப்புறம் சில பெட்டிகள், சில சமயம் சில பயணிகள். "பெட்டி அடுத்த விமானத்தில் வரும்" என்று சொன்னால் அலட்சியம் என்றே நினைத்துவிட வேண்டாம். மருந்து, ஆவணங்கள், ஒரு நாள் உடுப்பு கைப்பையில் இருக்கட்டும்.

தடுப்புகளை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2000 அக்டோபர் 31 அன்று தைபேயில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ006 விமானம், பணிக்காக மூடப்பட்டிருந்த ஓடுதளத்தில் தவறுதலாகப் புறப்பட முயன்று கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 83 பேர் இறந்தார்கள். 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில், முனையத்துக்கு மேலிருந்த சாலையில் நடந்த வெல்டிங் வேலையின் தீப்பொறி கூரைக்குள் இருந்த காப்புப் பொருளில் பற்றியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் லிஃப்டுகளிலும் ஓர் ஓய்வறையிலும் சிக்கிக்கொண்டவர்கள். அதனால்தான் சொல்கிறேன்: காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்ததும் அவசர வழி எங்கே என்று பாருங்கள். பணிக்காக அது மாற்றப்பட்டிருக்கலாம். தீ அலாரம் அடித்தால் "வெல்டிங் புகையாக இருக்கும்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். லிஃப்ட் பக்கம் போகாதீர்கள்.

வேலை முடிந்து புது முனையம் திறந்த முதல் சில வாரங்களும் கட்டுமானக் காலம் மாதிரிதான். லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாவது முனையம் 2008 மார்ச் 27 அன்று திறந்தபோது, ஊழியர்களே வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்தார்கள். பெட்டி கையாளும் அமைப்பு திணறியது. நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாகின, ஆயிரக்கணக்கான பெட்டிகள் தேங்கின. புது முனையத்தில் பெட்டி வராவிட்டால், வெளியே வரும் முன்பே உள்ளே இருக்கும் கவுன்டரில் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பை வகுக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பன்னாட்டுப் பயணங்களில், பெட்டி சேதமாகியிருந்தால் கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும்.

வழிகாட்டிப் பலகை குழப்பினால் அதையும் புகாராகக் கொடுங்கள். "ஒன்றுமே புரியவில்லை" என்று எழுதினால் எங்களால் அதிகம் செய்ய முடியாது. எத்தனை மணிக்கு, எந்தக் கேட் அருகில், எந்த அம்புக்குறி எங்கே காட்டியது என்று ஒரு போட்டோவோடு அனுப்பினால், அன்று இரவே ஆள் அனுப்பி அதை மாற்றிவிட முடியும்.