கிரிம்ப்: ‘சுருக்கம்’ அல்ல, கவ்வு

சுட்ட தோட்டாவின் உறையை மீண்டும் நிரப்பும்போது, குண்டு நகராதபடி உறையின் வாயை அதைச் சுற்றி இறுக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘கிரிம்ப்’ என்று பெயர். இந்தத் தோட்டா மறுநிரப்பல் பற்றிய தமிழாக்கங்களில் அதை ‘உறையின் வாயைச் சுருக்கவும்’, ‘உறையைச் சுருக்கவும்’ என்று மாறி மாறி எழுதுகிறார்கள். இரண்டாவது வரியைப் படிப்பவர் உறையின் நீளத்தைக் குறைக்கத்தான் போவார். அதற்குப் பெயர் டிரிம்மிங். கிரிம்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. உறைகளின் நீளம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் கிரிம்பும் ஒன்றுபோல் விழாது.

‘கிரிம்ப்’ என்ற சொல் டச்சு, கீழ்ஜெர்மன் வழி வந்தது; மூலப்பொருள் சுருங்குதல். அதைக் காட்டித்தான் ‘சுருக்கம்’ என்கிறார்கள். சுருக்குப் பையின் வாய்போலத்தானே என்றும் கேட்கிறார்கள். சுருக்குப் பையின் நாடாவை இழுத்தால் வாய் கொசுவம் கொசுவமாக மடிந்து மூடிக்கொள்ளும். பித்தளை உறையின் வாய் மடிவதும் இல்லை, மூடுவதும் இல்லை. குண்டைச் சுற்றிக் கவ்வுகிறது. கண்ணெதிரே நடப்பது கவ்வுதல் என்றால் சொல்லும் ‘கவ்வு’தான்.

இதைவிட மோசம், ரோல் கிரிம்ப்பை ‘உருளைக் கிரிம்ப்’ ஆக்குவது. அங்கே உருளை எதுவும் கிடையாது. உறையின் உதடு உள்நோக்கிச் சுருண்டு, குண்டின் இடுப்பில் ஓடும் காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், இறங்குகிறது. ஆகவே சுருள்கவ்வு. .38 ஸ்பெஷல், .357 மேக்னம் போன்ற ரிவால்வர் தோட்டாக்களுக்கு இதுவே பொருத்தம். கவ்வு தளர்ந்தால், ஒரு தோட்டா வெடிக்கும் உதைப்பில் சுழலும் சிலிண்டரின் மற்ற அறைகளிலுள்ள குண்டுகள் முன்னே நகர்ந்து, அது சுழலாமல் சிக்கிக்கொள்ளும்.

டேப்பர் கிரிம்ப்புக்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: கூம்புக்கவ்வு. மொட்டு கூம்புவதுபோல வாய் சிறிதே உள்வாங்குகிறது. 9 மி.மீ. லூகர், .45 ஏசிபி போன்ற பிஸ்டல் தோட்டாக்கள் துப்பாக்கியின் அறைக்குள் உறையின் வாய் விளிம்பில்தான் நிலைகொள்கின்றன. அந்த விளிம்பைச் சுருட்டினால் தோட்டா தேவைக்கு மேல் உள்ளே போய்விடும். குண்டு வைப்பதற்காக மணிபோல் விரித்த வாயை நேராக்கினாலே இங்கே போதும், 9 மி.மீ. லூகரில் வாயின் வெளிவிட்டம் 9.65 மி.மீ.க்கு மிஞ்சக் கூடாது. குண்டை முதன்மையாகப் பிடித்திருப்பது உறையின் சுவர் இறுக்கம். கவ்வைக் கூட்டினால் பிடி கூடும் என்று அழுத்துபவர்களுக்கு எதிர்விளைவே கிடைக்கும்: குண்டின் ஈயம் நசுங்கியபடியே நிற்க, பித்தளை சற்றே மீண்டு விரிந்து, குண்டு தளர்ந்துவிடும். பிறகு தோட்டாவை அறைக்குள் ஊட்டும்போது குண்டு உறைக்குள் தள்ளப்பட்டால், வெடிக்கும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். ‘நன்றாக நெரிக்கவும்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் ஒருமுறையாவது இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிற பழக்கம் பயிற்சிக் கையேடுகளுக்கு ஆகாது.

‘மடிப்பு’ என்ற சொல்லையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஷாட்கன் தோட்டாவின் பிளாஸ்டிக் வாயை 6 அல்லது 8 மடிப்பாக உள்ளே மடித்து மூடுகிறார்கள். அது நட்சத்திர மடிப்பு. அதைக் கவ்வு என்றால் அதுவும் பிழை.