மூணாவது டிக் கிடையாதுங்க

போன வாரம் பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் வந்தார் (ஊரை மாற்றியிருக்கிறேன்). கூலித் தகராறில் வாட்ஸப்பில் மிரட்டினார் என்று அவர்மேல் புகார். "ஏனுங் வக்கீல் சார், யாரும் படிக்க முடியாதுன்னு வாட்ஸப்புலயே போட்டிருக்குதுங்களே, போலீஸ் எப்படீங் படிச்சாங்க?"

ஸ்டேஷனில் போனைக் கேட்டிருக்கிறார்கள், நீட்டியிருக்கிறார். பேட்டர்ன் கேட்டிருக்கிறார்கள், அதையும் போட்டுக் காட்டியிருக்கிறார். இதற்கு மேல் அவர்கள் எதை உடைக்க வேண்டும்?

முதலில் அந்தப் பாழாய்ப்போன ஃபார்வர்டு. இரண்டு நீல டிக்கோடு ஒரு சிவப்பு டிக் வந்தால் அரசாங்கம் நடவடிக்கை எடுக்கிறதாம். வக்கீல்கள் குரூப்பில்கூட வருகிறது! ஒரு டிக் என்றால் உங்கள் போனிலிருந்து போய்விட்டது. இரண்டு என்றால் அவர் போனுக்குச் சேர்ந்துவிட்டது. நீலம் என்றால் படித்துவிட்டார். மூணாவது டிக்கும் கிடையாது, சிவப்பும் கிடையாது. 2016 ஏப்ரலிலிருந்து செய்தி பூட்டிய பெட்டியாகத்தான் போகிறது; சாவி இரண்டு பக்கத்துப் போன்களிலும் அவற்றோடு இணைத்த கருவிகளிலும் மட்டுமே. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஆவது பிரிவைக் காட்டி அரசு கேட்டாலும், போய்ச் சேர்ந்த பேச்சு கம்பெனியிடம் இருக்காது. (டெலிகிராமை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீக்ரெட் சாட் தவிர மற்றதெல்லாம் அவர்கள் சர்வரில் இருக்கிறது.)

வழியில் மறிக்க முடியாததால் போனையே பிடிக்கிறார்கள். ஐரோப்பாவில் கடத்தல்காரர்கள் என்க்ரோசாட் என்று தனிப் போனே வைத்திருந்தார்கள். 2020-இல் பிரெஞ்சு போலீஸ் அந்தப் போனுக்குள்ளேயே மென்பொருளை இறக்கிப் படித்தது. நம்மூரில் அத்தனை செலவு எதற்கு? எதிராளியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

எல் மாதிரி இழுக்கிற பேட்டர்னை இன்றைக்கே தூக்கிவிட்டு ஆறு இலக்க பின் வையுங்கள். வாட்ஸப்பில் லிங்க்டு டிவைசஸைத் திறந்து பாருங்கள், பழைய கம்பெனி கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். பேக்கப்புக்கான பூட்டு 2021-லேயே வந்துவிட்டது. நீங்களாகப் போட்டால்தான் விழும்.

போனைப் பறிமுதல் செய்தால் மல்லுக்கு நிற்காதீர்கள். மகஜரில் (பறிமுதல் விவரம் எழுதும் தாள்) ஐஎம்இஐ எண், அதாவது உங்கள் போனுக்கே உரிய அடையாள எண், ஏறியிருக்கிறதா பாருங்கள், நகல் கேளுங்கள். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது 2024 ஜூலையில் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பிஎன்எஸ்எஸ்), 105-ஆவது பிரிவு. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனம் 20(3). பின் நம்பர் அதில் அடங்குமா என்பதில் கோர்ட்டுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆகவே வாயைத் திறக்குமுன் வக்கீலைக் கூப்பிடுங்கள். பயந்துபோய் மட்டும் எதையும் அழித்துவிடாதீர்கள் சாமி. சாட்சியத்தை அழித்ததாக இன்னொரு வழக்கு சேரும், எதிராளி போனில் அது அப்படியேதான் இருக்கும்.

தறிக்காரர் கிளம்பும்போது, "பின் மாத்திட்டேனுங்" என்றார். என்ன நம்பர் என்று நான் கேட்கவேயில்லை. அவராகவே சொன்னார், வண்டி நம்பராம்.